வாடகையைப் படிக்கும் வேலை

(மதுரையில் வணிகவியல், கட்டடப் பொறியியல் மாணவர்களிடையே ஓய்வுபெற்ற வங்கிக் கடன் அதிகாரி ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



வணிகக் கட்டடங்களுக்குக் கடன் கொடுப்பது, அவற்றில் முதலீடு செய்வது, இந்தத் துறையில் ஒரு வாழ்க்கையை எப்படி அமைத்துக்கொள்வது என்று பேசச் சொல்லியிருக்கிறார்கள். முப்பது ஆண்டுகளுக்கு மேல் நான் இந்த வேலையில் இருந்தேன். எனக்கு இதைக் கற்றுக்கொடுத்த இடம் ஒரு மீட்டர் அறை. அதிலிருந்தே தொடங்குகிறேன்.

நான் கடன் பிரிவுக்கு வந்த புதிது. ஒரு மாவட்டத் தலைநகரின் பைபாஸ் சாலையில் நான்கு மாடி வணிக வளாகம். 62 கடைகள். அதன் உரிமையாளர் வாடகை வருமானத்தைக் காட்டிக் கடன் கேட்டிருந்தார். வாடகைப் பட்டியலில் 57 கடைகள் வாடகைக்குப் போயிருந்தன. ஒவ்வொன்றுக்கும் ஒப்பந்தம் இருந்தது, முத்திரைத்தாள் இருந்தது, கையெழுத்து இருந்தது. நான் கணக்குப் போட்டு, கொடுக்கலாம் என்று குறிப்பு எழுதி வைத்திருந்தேன். என் மேலாளர் திருநெல்வேலிக்காரர். குறிப்பைப் படித்துவிட்டு, "தம்பி, வாரும், ஒரு நடை பார்த்துட்டு வந்துருவோம்" என்றார்.

வளாகத்துக்குப் போனதும் உரிமையாளர் எங்களை லிஃப்டுக்கு அழைத்தார். மேலாளரோ வாட்ச்மேனிடம், "மீட்டர் ரூம் எங்கேய்யா இருக்கு?" என்று கேட்டார். படிக்கட்டுக்குக் கீழே ஓர் இருட்டறை. சுவரில் வரிசையாக 62 மீட்டர்கள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் மின்வாரியத்தின் வெள்ளை அட்டை ஆணியில் தொங்கியது. கைவிளக்கை அடித்து ஒவ்வோர் அட்டையாகத் திருப்பச் சொன்னார். முதல் பத்துப் பன்னிரண்டு அட்டைகளில் ரீடிங் ஒழுங்காக ஏறியிருந்தது. அதற்குப் பிறகு வந்த அட்டைகளில் பலவற்றில் ஒரே எண் நாலைந்து தடவை திரும்பத் திரும்ப எழுதப்பட்டிருந்தது. அதாவது எட்டு மாதம், பத்து மாதமாக அந்தக் கடைகளில் ஒரு பல்புகூட எரியவில்லை. எண்ணிப் பார்த்தோம். 27 மீட்டர்கள் அப்படி நின்றுபோயிருந்தன. வாடகைக்கு எடுத்ததாகக் கையெழுத்துப் போட்டிருந்தவர்களில் பலர் உரிமையாளரின் உறவினர்கள் என்பது பிறகு தெரிந்தது.

மேலாளர் அங்கே ஒரு வார்த்தை பேசவில்லை. வெளியே வந்து டீ வாங்கிக்கொடுத்தார். "பேப்பர் பொய் சொல்லும் தம்பி, மீட்டர் சொல்லாது" என்றார். அலுவலகத்துக்குத் திரும்பி என் குறிப்பைக் கிழித்துவிட்டுப் புதிதாக எழுதினேன்.

இப்போது வெள்ளை அட்டை வழக்கொழிந்து கணினிப் பட்டியல் வந்துவிட்டது. ஆனால் வேலை அதே வேலைதான். ஒரு கட்டடம் மாதாமாதம் உண்மையில் எவ்வளவு பணம் கொண்டுவருகிறது, இனி எவ்வளவு காலம் கொண்டுவரும், அந்தப் பணத்தைப் பெறும் உரிமை உண்மையில் யாருக்கு இருக்கிறது? இந்தக் கேள்விகளுக்கு விடை தேடுவதுதான் நம் தொழில். மற்றதெல்லாம் இதற்குத் துணை.

வீட்டுக் கடனுக்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டை முதலில் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். வீட்டுக் கடன் கொடுக்கும்போது வங்கி உங்கள் சம்பளத்தைப் பார்க்கிறது. வீடு வெறும் ஈடு. வணிகக் கட்டடத்தில் கடனை அடைக்கப் போவதே அந்தக் கட்டடம்தான். ரிசர்வ் வங்கி 2009இல் கொடுத்த விளக்கமும் இதையே சொல்கிறது: கடனைத் திருப்பிச் செலுத்தும் பணம் முதன்மையாக அந்தச் சொத்தின் வாடகையிலிருந்தோ விற்பனையிலிருந்தோ வருமானால்தான் அது வணிக நிலச்சொத்துக் கடன். ஒரு பஞ்சாலை முதலாளி தன் ஆலைக் கட்டடத்தை ஈடு வைத்துக் கடன் வாங்கினால் அது இந்த வகையில் வராது. அந்தக் கடனை நூல் அடைக்கும், சுவர் அடைக்காது.

ஒரு கணக்கைப் பொறுமையாகப் போட்டுப் பார்ப்போம். நோட்டு வைத்திருப்பவர்கள் எழுதிக்கொள்ளுங்கள்.

சென்னை பழைய மகாபலிபுரம் சாலையில் ஓர் அலுவலகக் கட்டடம் என்று வைத்துக்கொள்வோம். வாடகைக்கு விடும் பரப்பு 1,00,000 சதுர அடி. கணக்குக்காக வாடகை சதுர அடிக்கு மாதம் 70 ரூபாய் என்போம். மாதம் 70 லட்சம், ஆண்டுக்கு 8.40 கோடி. சொத்து வரி, காப்பீடு, பராமரிப்பில் உரிமையாளர் தலையில் விழும் பங்கு, இடையிடையே காலியாகக் கிடக்கும் பகுதி, எல்லாவற்றுக்குமாக 90 லட்சம் கழியுங்கள். நிகர வருமானம் 7.50 கோடி.

இந்தக் கட்டடம் என்ன விலை பெறும்? இத்தகைய கட்டடத்தை வாங்குபவர்கள் தங்கள் பணத்துக்கு ஆண்டுக்கு 8 சதவீத வருமானம் எதிர்பார்த்தால் 93.75 கோடி. இந்த 8 சதவீதத்தைத்தான் தொழிலில் 'கேப் ரேட்' என்கிறோம். எதிர்பார்ப்பு 9 சதவீதமாக ஏறினால் விலை ஏறக்குறைய 83.33 கோடிக்கு இறங்கிவிடும். கட்டடத்தில் ஒரு செங்கல்கூடப் பெயரவில்லை, ஒரு வாடகைதாரரும் காலி செய்யவில்லை. ஆனால் மதிப்பில் 10 கோடிக்கு மேல் போய்விட்டது. நாட்டில் வட்டி விகிதம் ஏறும்போது கட்டட முதலீட்டாளர் ஏன் தூக்கமிழக்கிறார் என்பதற்கு இதுவே விடை.

இப்போது உரிமையாளர் 60 கோடி கடன் கேட்கிறார். சொத்து மதிப்பில் 64 சதவீதம். பார்த்தால் பாதுகாப்பாகத்தான் தெரிகிறது. 9 சதவீத வட்டி, 12 ஆண்டு தவணை என்றால் மாதத் தவணை சுமார் 68.28 லட்சம், ஆண்டுக்கு 8.19 கோடி. கட்டடம் சம்பாதிப்பது 7.50 கோடி. முதல் மாதமே பற்றாக்குறை! சொத்து மதிப்பை மட்டும் பார்த்துக் கடன் கொடுத்தவர் இங்கேதான் சறுக்குகிறார். அதே கட்டடத்துக்கு 45 கோடி கொடுத்தால் ஆண்டுத் தவணை ஏறக்குறைய 6.15 கோடி. வருமானம் தவணையைப் போல 1.22 மடங்கு. இது தாங்கும். ஆகவே சரியான விடை 45 கோடி. கேட்டவர் முகம் சுளிப்பார், கிளை மேலாளர் வருத்தப்படுவார், இருந்தாலும் விடை அதுதான்.

இதோடு நிற்காதீர்கள். வாடகைதாரர் நிறுவனம் வாடகையில் 10 சதவீதத்தை வருமான வரிக்குப் பிடித்துக்கொண்டுதான் மீதியை அனுப்பும். அந்தப் பணம் பிறகு வரிக் கணக்கில் நேராகும் என்பது உண்மை. ஆனால் தவணை நாளன்று வங்கிக் கணக்கில் அது இருக்காது. புதிதாகச் சேரும் பிள்ளைகள் பெரும்பாலும் இதை மறந்துவிடுகிறார்கள். நானும் மறந்திருக்கிறேன்.

வாடகையை ஈடாக வைத்துக் கொடுக்கும் இந்தக் கடனுக்கு 'லீஸ் ரென்டல் டிஸ்கவுண்டிங்', சுருக்கமாக எல்ஆர்டி, என்று பெயர். வாடகை உரிமையாளர் கைக்குப் போகாமல், வங்கி திறந்து வைத்திருக்கும் எஸ்க்ரோ கணக்குக்கு நேராக வரும். தவணையை எடுத்துக்கொண்டு மீதியை வங்கி அவருக்கு விடும். நம் நாட்டில் இத்துறையில் பாதுகாப்பான கடன் என்று பெயர் பெற்றது இதுதான். ஆனால் பாதுகாப்பு முழுவதும் ஒரே ஒரு தாளில் அடங்கியிருக்கிறது. அதுதான் வாடகை ஒப்பந்தம்.

நம் ஊர் அலுவலகக் கட்டட ஒப்பந்தங்களில் ஒன்பது ஆண்டுக் குத்தகை, மூன்று ஆண்டுக்கு ஒருமுறை 15 சதவீத வாடகை உயர்வு என்ற அமைப்பு மிகப் பரவலானது. ஒன்பது ஆண்டு என்றதும் மனசு நிறைந்துவிடும். அடுத்த பக்கத்தைத் திருப்புங்கள். 'லாக்-இன்' மூன்று ஆண்டு என்று இருக்கும். அதாவது மூன்று ஆண்டு முடிந்ததும் வாடகைதாரர் சில மாத அறிவிப்புக் கொடுத்துவிட்டுப் போகலாம். உரிமையாளர் அவரை அப்படி வெளியேற்ற முடியாது. ஒன்பது ஆண்டு என்பது உரிமையாளருக்கு. வாடகைதாரருக்கு மூன்றே ஆண்டு.

இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. ஒரு கட்டடம், ஒரே வாடகைதாரர், வெளிநாட்டு வாடிக்கையாளர்களுக்குத் தொலைபேசிச் சேவை செய்யும் நிறுவனம். ஒன்பது ஆண்டு ஒப்பந்தத்தை நம்பிப் பத்து ஆண்டுத் தவணையில் கடன் பரிந்துரைத்தேன். 36 மாதம் முடிந்தது. 37ஆம் மாதம் அறிவிப்பு வந்தது. கட்டடம் இரண்டு ஆண்டு காலியாகக் கிடந்தது. அந்த உரிமையாளர் ஏமாற்றுக்காரர் அல்ல, நேர்மையான மனிதர். மனைவி பெயரிலிருந்த தோப்பை விற்றுத் தவணை கட்டினார். என் மேசைக்கு எதிரே உட்கார்ந்து, "நீங்களும் அந்தப் பக்கத்தைப் படிச்சீங்கதானே சார்?" என்று அமைதியாகக் கேட்டார். படித்திருந்தேன். அதன் எடை எனக்குத் தெரியவில்லை. அன்றிலிருந்து எந்த ஒப்பந்தத்தையும் லாக்-இன் பிரிவிலிருந்துதான் படிக்கத் தொடங்குவேன்.

நம் கணக்குக் கட்டடத்துக்கே இதைப் பொருத்திப் பாருங்கள். 60,000 சதுர அடி வைத்திருக்கும் பெரிய வாடகைதாரர் போய்விடுகிறார். மாத வாடகை 70 லட்சத்திலிருந்து 28 லட்சமாகிறது. தவணையோ 51 லட்சத்துக்கு மேல். போதாக்குறைக்கு அவர் கொடுத்த ஆறு மாத அட்வான்ஸ் 2.52 கோடியைத் திருப்பித் தர வேண்டும். அந்த அட்வான்ஸ் எங்கே இருக்கிறது? பெரும்பாலும் உரிமையாளர் அதை அடுத்த கட்டடத்தின் அஸ்திவாரத்தில் போட்டிருப்பார். அட்வான்ஸ் என்பது வட்டியில்லாத கடன், வாடகைதாரர் காலி செய்யும் நாளில் கொடுக்க வேண்டிய கடன். இருப்புநிலைக் குறிப்பில் அது ஏதோ ஒரு மூலையில் சின்ன எழுத்தில் இருக்கும். தேடி எடுங்கள்.

வாடகைக்கும் பின்னால் பத்திரம் இருக்கிறது. சென்னைக்கு இந்த விஷயத்தில் ஒரு பெருமை உண்டு. 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றச் சட்டத்தில் 58ஆம் பிரிவு, பத்திரத்தை வெறுமனே கடன் கொடுப்பவரிடம் ஒப்படைத்தாலே அடமானம் ஆகிவிடும் என்று ஓர் ஏற்பாட்டைச் செய்தது. எல்லா ஊருக்கும் அல்ல. கல்கத்தா, மதராஸ், பம்பாய், பிறகு அரசு அறிவிக்கும் மற்ற ஊர்கள். வியாபாரம் விறுவிறுப்பாக நடந்த நகரங்களில் வணிகர்கள் விரைவாகப் பணம் புரட்டிக்கொள்ள அந்த வசதி உதவியது. ஆனால் பத்திரம் ஓரிடம், நகல் பத்திரம் வேறிடம் என்று ஒரே சொத்தின் மேல் இரண்டு மூன்று வங்கிகளில் கடன் வாங்கும் கதைகளும் கூடவே வளர்ந்தன. அதைத் தடுக்கத்தான் 2011இல் 'செர்சாய்' என்ற மத்தியப் பதிவகம் வந்தது. இன்று எந்தச் சொத்தின் மேல் எந்த வங்கிக்கு அடமானம் இருக்கிறது என்று அதில் தேடிப் பார்க்காமல் வங்கிகள் கடன் கொடுப்பதில்லை.

தாய்ப்பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா, புல வரைபடம். இந்த நான்கையும் வக்கீல் பார்த்து லீகல் ஒப்பீனியன் கொடுப்பார். அதோடு நம் கடமை முடிந்தது என்று நினைக்காதீர்கள். புல வரைபடத்தை மட்டுமாவது கையில் எடுத்துக்கொண்டு சைட்டுக்குப் போங்கள். வரைபடத்தில் ஒரு மெல்லிய இரட்டைக் கோடு நிலத்தை ஒட்டி ஓடும். நேரில் அங்கே தார்ச்சாலை இருக்கும், கட்டடத்துக்கு அதுதான் ஒரே வாசல். வருவாய்த் துறைப் பதிவில் அது வாய்க்கால் புறம்போக்கு. நாளைக்கு ஒருவர் வழக்குப் போட்டால் 90 கோடிக் கட்டடத்துக்கு வழியில்லை. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையின் தெற்கே தண்ணீர் நின்ற இடங்களில் பலவற்றை, பழைய புல வரைபடங்களைப் பார்த்திருந்தால் முன்கூட்டியே சொல்லியிருக்கலாம். அதே தெற்குப் பகுதியில் உள்ள பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் 2022இல் ராம்சர் தலமாக, அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலமாக, அறிவிக்கப்பட்டது. நீர்நிலைக்குப் பக்கத்தில் நிலம் என்றால் அது அழகா ஆபத்தா என்று கடன் அதிகாரி கேட்டே ஆக வேண்டும்.

கட்டடப் பொறியியல் மாணவர்களே, இங்கே உங்களுக்கு ஒரு பெரிய வசதி உண்டு. வரைபடத்தை நீங்கள் படிப்பதுபோல் வணிகவியல் பட்டதாரி படிக்க முடியாது. வணிகவியல் மாணவர்களே, இருப்புநிலைக் குறிப்பை நீங்கள் படிப்பதுபோல் அவர்கள் படிக்க முடியாது. விடுதியில் ஒருவர் அறைக்கு ஒருவர் போய் இதைக் கற்றுக்கொடுங்கள். இத்துறையில் உயரப் போனவர்களில் நான் பார்த்தவர்கள் எல்லாம் இரண்டு பாஷையும் தெரிந்தவர்கள்.

ஈட்டுக்குச் சொத்து இருக்கிறதே, பணம் வராவிட்டால் சொத்தை எடுத்துக்கொள்ளலாமே என்று சிலர் கேட்பார்கள். இதற்கு நம் வரலாற்றிலேயே ஒரு பெரிய சான்று இருக்கிறது. நாட்டுக்கோட்டை நகரத்தார் கீழைப் பர்மாவின் நெல் வயல்களை ஈடாகக் கொண்டு கடன் கொடுத்தார்கள். வேண்டுமென்று நிலம் சேர்த்தவர்கள் அல்லர் அவர்கள். வட்டிதான் அவர்கள் தொழில். 1930இல் அங்குள்ள முக்கிய நெல் மாவட்டங்களின் நிலத்தில் சுமார் 6 சதவீதம்தான் அவர்கள் கையில் இருந்தது. உலகப் பொருளாதார மந்தத்தில் நெல் விலை சரிந்தது, விவசாயிகளால் கடனைக் கட்ட முடியவில்லை, நிலம் கைமாறியது. 1937 வாக்கில் அது ஏறக்குறைய 25 சதவீதமாகிவிட்டது. காகிதத்தில் பெரும் பணக்காரர்கள். ஆனால் வாங்க ஆளில்லாத நிலம், உள்ளூர் மக்களின் கசப்பு. 1942இல் ஜப்பானியப் படையெடுப்பு, பர்மா விடுதலை பெற்ற பிறகு நில நாட்டுடைமைச் சட்டம். செட்டிநாட்டில் இன்று பூட்டிக் கிடக்கும் பல வீடுகளின் கதையில் அந்த வயல்களும் இருக்கின்றன. கொடுத்தவர்கள் திறமை குறைந்தவர்கள் என்று யாரும் சொல்ல முடியாது. இந்தியப் பெருங்கடலின் கரைகளில் அவர்களைவிடக் கணக்குத் தெரிந்தவர்கள் அன்று குறைவு. எல்லாரும் ஒரே நேரத்தில் விற்க வரும்போது ஈடு பணமாகாது. அதைத்தான் அவர்கள் பட்ட பாடு காட்டுகிறது.

இன்றைய நிலையும் அதிலிருந்து வெகுதூரம் இல்லை. 2002இல் வந்த சர்ஃபாசி சட்டம் வங்கிக்குப் பெரிய ஆயுதம் கொடுத்தது. 90 நாள் தவணை நின்றால் கடன் வாராக்கடன், 60 நாள் அறிவிப்பு, பிறகு சொத்தைக் கைப்பற்றி ஏலம் விடலாம். படிக்கச் சுலபம். வாடகைதாரர்கள் உட்கார்ந்திருக்கும், பாதி காலியான, பராமரிப்பு நின்று லிஃப்ட் ஓடாத கட்டடத்தை ஏலத்தில் யார் எடுப்பார்கள்? மூன்றாவது ஏலத்துக்கும் ஆள் வராத கட்டடங்களை நான் பார்த்திருக்கிறேன்.

கட்டுமான நிலையிலேயே கொடுக்கும் கடன் இன்னும் கடினம். அங்கே வாடகையே இல்லை, நம்பிக்கைதான் இருக்கிறது. தனியார் கட்டுநர்கள் நிலம் வாங்க வங்கிகள் கடன் கொடுப்பதை ரிசர்வ் வங்கி நெடுங்காலமாகத் தடுத்து வைத்திருப்பதால் அந்த இடத்தை வங்கியல்லாத நிதி நிறுவனங்களும் தனியார் நிதியங்களும் கூடுதல் வட்டிக்கு நிரப்பின. அவை குறுகிய காலத்துக்குக் கடன் வாங்கி நீண்ட காலத்துக்குக் கொடுத்தன. 2018 செப்டம்பரில் உள்கட்டமைப்பு நிதி நிறுவனமான ஐஎல் அண்ட் எஃப்எஸ் தவணை தவறியதும் சந்தையில் பணம் உறைந்தது. அடுத்த ஆண்டு வீட்டு நிதி நிறுவனமான டிஎச்எஃப்எல் நொடிப்புச் சட்டத்தின் கீழ் போனது. பாதியில் நின்ற குடியிருப்புக் கட்டடங்களுக்காக அரசு 25,000 கோடி ரூபாய் இலக்கோடு 'ஸ்வாமி' நிதியம் அமைக்க வேண்டி வந்தது. கட்டுமானத்தில் இருக்கும் வணிகக் கட்டடக் கடனுக்கு 2025 அக்டோபர் முதல் 1.25 சதவீதம் முன்கூட்டியே ஒதுக்கி வைக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி விதித்திருப்பதன் பின்னணி இத்தகைய அனுபவங்கள்தாம்.

முதலீட்டுப் பக்கத்துக்கு வருகிறேன். ஒரு காலத்தில் அலுவலகக் கட்டடத்தில் முதலீடு என்றால் கோடிக்கணக்கில் பணம் உள்ளவர்களுக்கு மட்டும்தான். 2014இல் பங்குச்சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி 'ரீட்' விதிமுறைகளைக் கொண்டுவந்தது. வாடகை தரும் கட்டடங்களை ஓர் அறக்கட்டளையில் சேர்த்து, அதன் பங்கை அலகுகளாகச் சந்தையில் விற்கும் ஏற்பாடு அது. சொத்தில் குறைந்தது 80 சதவீதம் கட்டி முடித்து வருமானம் தருவதாக இருக்க வேண்டும். பகிரக்கூடிய பணத்தில் குறைந்தது 90 சதவீதத்தை முதலீட்டாளர்களுக்குக் கொடுத்துவிட வேண்டும். 2019 ஏப்ரல் 1 அன்று எம்பசி ஆபீஸ் பார்க்ஸ் முதல் ரீட்டாகப் பட்டியலானது. 2020இல் மைண்ட்ஸ்பேஸ், 2021இல் புரூக்ஃபீல்டு, 2023இல் வணிக வளாகங்களுக்கான முதல் ரீட்டாக நெக்ஸஸ் செலக்ட். வடபழனி விஜயா மால் இந்த நெக்ஸஸ் கையில்தான் இருக்கிறது. அங்கே படம் பார்க்கப் போகிறவர் விரும்பினால் அந்தக் கட்டடத்தின் வாடகையில் ஒரு துளியைத் தன் பெயருக்கு வாங்கிக்கொள்ளலாம்.

உங்களுக்கு இதில் உள்ள நன்மை வேறு. ரீட்டுகள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை கணக்கை வெளியிடுகின்றன. எந்தக் கட்டடத்தில் எத்தனை சதவீதம் வாடகைக்குப் போயிருக்கிறது, சராசரி வாடகை என்ன, எந்த ஆண்டு எவ்வளவு ஒப்பந்தம் முடிகிறது, கடன் எவ்வளவு, என்ன வட்டி, எல்லாம் அதில் உண்டு. என் காலத்தில் இவற்றைத் தெரிந்துகொள்ள புரோக்கர்களுக்கு டீ வாங்கிக்கொடுத்துக் கெஞ்ச வேண்டியிருந்தது. இன்று இணையத்தில் இலவசமாகக் கிடக்கிறது. இரண்டு ஆண்டு அறிக்கைகளைப் படித்த பிள்ளை நேர்முகத் தேர்வில் தனியாகத் தெரிவான், தெரிவாள்.

சரி, எந்த வழியாக உள்ளே நுழைவது? வங்கியில் அதிகாரியாகச் சேர்ந்து கடன் பிரிவைக் கேட்டு வாங்குவது ஒரு வழி. கேட்டு வாங்குங்கள் என்கிறேன், ஏனென்றால் பலர் அதை ஒதுக்குவார்கள், பொறுப்பு அதிகம் என்று. வீட்டு நிதி நிறுவனங்கள், வங்கியல்லாத நிதி நிறுவனங்கள் இன்னொரு வழி. ஜேஎல்எல், சிபிஆர்இ, நைட் ஃபிராங்க் போன்ற ஆலோசனை நிறுவனங்களில் மதிப்பீட்டுப் பிரிவில் சேர்ந்தால் இரண்டு ஆண்டில் நூறு கட்டடம் பார்த்துவிடலாம். பொறியியல், கட்டடக்கலை படித்தவர்கள் ஐந்து ஆண்டு அனுபவத்துக்குப் பிறகு தேர்வு எழுதிப் பதிவு பெற்ற மதிப்பீட்டாளராகலாம். நொடிப்பு வாரியத்தின் கீழ் வரும் தகுதி அது, நிலம்-கட்டடம் என்று தனிப்பிரிவே இருக்கிறது. சி.ஏ., சி.எஃப்.ஏ. படித்தவர்களை முதலீட்டு நிதியங்கள் விரும்பும். வக்கீல்களுக்கும் இடம் உண்டு. எந்தக் கதவாக இருந்தாலும் முதல் ஐந்து ஆண்டில் சம்பளத்தைப் பார்க்காமல், யாரிடம் கற்றுக்கொள்கிறோம் என்று பாருங்கள்.

நகரத்தார் வட்டிக்கடைகளில் ஒரு முறை இருந்தது. சிறுவனாகச் சேர்பவன் பெட்டியடிப் பையன். பணப்பெட்டியின் அருகே உட்கார்ந்து, வருவோர் போவோரைக் கவனித்து, கணக்கு எழுதுவதைப் பார்த்து, ஓடியாடி வேலை செய்து கற்றுக்கொள்வான். பிறகு அடுத்தாள். பல ஆண்டு கழித்தே மேலாள். கடன் கேட்டு வருகிறவரின் நடையைப் பார்த்தே பாதி தெரிந்துகொள்வார்கள். எக்செல் தாளில் அந்தப் பாதி வராது. உங்களில் பலர் எக்செல்லில் என்னைவிடப் பல மடங்கு கெட்டிக்காரர்கள். அது வேண்டும், கட்டாயம் வேண்டும். ஆனால் தாளின் முதல் கட்டத்தில் நீங்கள் போடும் வாடகை எண் மீட்டர் அறையிலிருந்து வந்ததா, உரிமையாளர் வாயிலிருந்து வந்ததா என்பதைத் தாள் சொல்லாது.

மாணவியரிடம் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். சைட் பார்ப்பது பெண்களுக்குச் சரிப்படாது என்று சொல்லி அவர்களை மேசை வேலையில் உட்கார வைக்கும் பழக்கம் என் காலத்தில் இருந்தது. இன்றும் சில இடங்களில் இருக்கிறது. அதை ஒப்புக்கொள்ளாதீர்கள். சைட்டுக்குப் போகாதவர் இத்துறையில் பாதி ஆள்தான். என்னிடம் வேலை பார்த்த ஒரு பெண் அதிகாரி மாலை ஏழு மணிக்கு எதிர்ப் பக்க நடைபாதையில் நின்று, எந்த மாடியில் விளக்கு எரிகிறது என்று எண்ணி எழுதிக்கொண்டு வருவார். அவர் எழுதிய குறிப்பில் ஒரு கடன்கூடக் கெட்டதில்லை.

நெருக்கடி வரும், அதையும் சொல்லிவிடுகிறேன். "மதிப்பைக் கொஞ்சம் ஏத்திப் போடுங்க சார், எல்லாரும் போடுறாங்க" என்பார்கள். தீபாவளிக்கு இனிப்புப் பெட்டி வரும், பெட்டிக்குள் இனிப்பு மட்டும் இருக்காது. ஆண்டு இறுதி இலக்கைக் காட்டி உங்கள் அலுவலகத்திலேயே அழுத்துவார்கள். முடியாது என்று மரியாதையாகச் சொல்லவும், ஏன் முடியாது என்று ஒரு பக்கத்தில் தெளிவாக எழுதவும் பழகுங்கள். எழுதி வைத்த குறிப்பு பத்து ஆண்டு கழித்தும் உங்களைக் காப்பாற்றும். வாயால் சொன்னது காப்பாற்றாது. நான் மறுத்த கடன்களால் சில பதவி உயர்வுகள் தாமதமாயின. அந்தக் கடன்களில் ஒன்றைப் பற்றியும் நான் வருந்தியதில்லை.

நம் தமிழ்நாட்டில் இதற்கு வேலை பெருகிக்கொண்டிருக்கிறது. மாநில அரசு நிறுவனங்களான டிட்கோவும் எல்காட்டும் சேர்ந்து 2000இல் தரமணியில் டைடல் தகவல் தொழில்நுட்பப் பூங்காவைத் திறந்தபோது பழைய மகாபலிபுரம் சாலையில் இத்தனை கட்டடம் வரும் என்று நினைத்தவர்கள் குறைவு. இப்போது ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கிடங்குகள், அம்பத்தூரிலும் சிறுசேரியிலும் தரவு மையங்கள், விழுப்புரத்திலும் தஞ்சாவூரிலும் சேலத்திலும் மினி டைடல் பூங்காக்கள். உங்கள் மாட்டுத்தாவணியில் டைடல் பூங்காவுக்கு 2025இல் அடிக்கல் நாட்டியாயிற்று. அதைச் சுற்றி வரும் கட்டடங்களுக்கு யாரோ கடன் கொடுக்கப் போகிறார்கள், யாரோ முதலீடு செய்யப் போகிறார்கள். அந்த யாரோ இந்த அரங்கத்திலிருந்து போகட்டும்.

அதற்கு ஒரு வேலை கொடுத்துவிட்டுப் போகிறேன். இந்த வாரம் நீங்கள் தினமும் கடந்து போகும் ஒரு வணிகக் கட்டடத்தைத் தேர்ந்தெடுங்கள். எத்தனை கடை, எத்தனை திறந்திருக்கிறது, எந்த ஷட்டரில் தூசி படிந்திருக்கிறது என்று பாருங்கள். கீழ்த்தளக் கடைக்காரரிடமும் வாட்ச்மேனிடமும் மரியாதையாகப் பேசி வாடகை என்ன என்று கேளுங்கள். நான் சொன்ன கணக்கைப் போடுங்கள். அந்தக் கட்டடத்துக்கு எவ்வளவு கடன் கொடுக்கலாம், ஏன் என்று ஒரே பக்கத்தில் எழுதுங்கள். உங்கள் பேராசிரியரிடம் கொடுத்தால் எனக்கு அனுப்பிவைப்பார். வருகிற ஒவ்வொரு பக்கத்தையும் நான் படித்துப் பதில் எழுதுவேன்.